எட்டாம் பொருத்தத்தோடு நின்ற லேப்டாப்

மீன்சுருட்டி,
தை 12.

மச்சான் தமிழழகனுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் அய்யம்பெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே லேப்டாப்பைத் தவிர எல்லோரும் சுகம். பாடாலூரில் நீயும் கண்ணகியும் பிள்ளைகளும் உங்கள் கடையும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் போட்டால் பேட்டரியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நீ எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம். நீ கொடுத்த லேப்டாப் ஆடியில் சார்ஜர் இல்லாமல் நாற்பது நிமிஷம் ஓடியது, தீபாவளிக்குப் பதினொன்று, இப்போது நாலே நிமிஷம். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன், தப்பாகச் சொல்ல மாட்டேன். இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை வரதராஜன்பேட்டையிலிருந்து உன் மருமகள் ஆர்த்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அரவிந்தன், அரியலூரில் அவளோடு ஒரே ஆபீஸ், ரெண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பத்துப் பொருத்தத்தில் தாலி பாக்கியம் சொல்லும் ரஜ்ஜு பொருந்தாவிட்டால் பேச்சே கிடையாது என்று நான் ஒரே பிடியாக நின்றதில், அதற்கு முந்தின ரெண்டு நாளும் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

பையனின் அம்மா கொளஞ்சியம்மாள் வந்து உட்கார்ந்ததுமே, கரண்டு போனால் நாலு நிமிஷத்தில் இது செத்துரும் என்று உன் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் லேப்டாப்பில் ஜாதகப் பொருத்தத்தைத் திறந்தேன். தினம் உண்டு, கணம் உண்டு என்று ஒவ்வொன்றாய் விளக்கம் சொல்லி எட்டாவது வசியமும் உண்டு என்று முடித்து, ஒன்பதாவது ரஜ்ஜுவைத் தட்டப் போகிறேன், பொசுக்கென்று இருட்டிப்போச்சு. பட்டப்பகல், லைட்டும் போடலை, இந்தக் குளிரில் ஃபேனும் போடலை, கரண்டு எப்பப் போச்சுன்னே தெரியலை. கரண்டு வரட்டும், பாத்துருவோம்னேன். கொளஞ்சியம்மாள், எட்டு பொருந்துனா போதும், தட்டை மாத்திக்குவோம் என்று எழுந்தே விட்டார். ஆர்த்தி என்னைப் பார்த்த பார்வையில் நானும் எழுந்து தட்டை எடுத்தேன். மாத்திட்டோம். நிஜத்தைச் சொல்றேன், அதுக்கப்புறம் அந்த லேப்டாப்பைத் திறந்து பார்க்க எனக்கு மனசும் இல்லை, தைரியமும் இல்லை. பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அது போதும்.

ஆகவே புது பேட்டரி அனுப்ப வேண்டாம். இதுவரை உன்னைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வைகாசியில் கல்யாணம், தாய்மாமன் முதல் நாளே வந்து நிற்க வேண்டும். குடும்பத்தோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அய்யம்பெருமாள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அக்கா சுமதி, அன்று கரண்டு போகவே இல்லை, பின்கட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது என்கிறாள். போய்ப் பார்த்தால் சார்ஜர் சுவிட்ச் அணைந்திருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கொளஞ்சியம்மாள்தான். போன் போட்டுக் கேட்டேன். “ஆமாண்ணே, நாந்தான் அமுத்துனேன். ஜெயங்கொண்டத்துல ஜோசியர்ட்ட முன்னாடியே பாத்துட்டோம், ரஜ்ஜு இல்லைன்னுட்டாங்க. எனக்கு ஒங்க பொண்ணுதான் வேணும்” என்றார். சரிங்க சம்பந்தி என்று வைத்துவிட்டேன். பேட்டரியை அனுப்பிவிடு, பத்திரிகை வாசகம் அடிக்க வேண்டும்.