குண்டு எறிதல் என்னும் வரலாற்று நாடகம்

மைக் முன்னால் நின்றால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. இது தெரிந்திருந்தும் ஞானதுரை அண்ணாச்சியின் பாராட்டு விழாவில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க ஒப்புக்கொண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. எம்.ஏ. தமிழ் முடித்திருந்தேன். (இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.)

அண்ணாச்சி எங்கள் பாளையங்கோட்டை நாடகக் குழுவின் நகைச்சுவை நடிகர். முப்பது வருஷம் மேடை. பிறகு ஒரு டி.வி. தொடரில் ஏமாளி மாமனார். டவுணில் அவர் பஸ்ஸுக்கு நின்றால்கூட ஜனங்கள் சிரிப்பார்கள். நான் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவன்.

அதற்கு முந்தைய வருஷம் எங்கள் குழு நடத்திய விழாவில் வேறொரு நடிகரின் விருதுகளில் ஒன்றை வாசிக்காமல் விட்டுவிட்டார்கள். அவர் சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார். அந்த நினைப்பிலேயே ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. விழாவன்று காலை அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். அவரும் அவர் மனைவி எஸ்தர் மதினியும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். பரிசுகள் எங்கே என்று கேட்டதும், போனில் பேசிக்கொண்டிருந்த மகள் கண்ணாடி அலமாரியைக் கைகாட்டினாள். உள்ளே பதினொரு கேடயங்கள். ஒன்றிலும் பெயர் இல்லை, எதற்கான பரிசு என்று மட்டும் இருந்தது. ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்கத் தோன்றவில்லையா? தோன்றியது. விவரம் கெட்டவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கேட்கவில்லை.

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. தாளோடு மைக் முன்னால் போய் நின்றேன். வெறுமனே வாசித்தால் எம்.ஏ. எதற்கு? எது என்ன வகை நாடகம் என்று நானே சேர்த்துக்கொண்டேன்.

“‘குண்டு எறிதல்’ என்னும் வரலாற்று நாடகத்திற்காக முதல் பரிசு.”

எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது. நகைச்சுவை நடிகர் விழாதானே என்று தெம்பானேன்.

“‘தடை தாண்டும் ஓட்டம்’ என்னும் சமூக நாடகத்திற்காக இரண்டாம் பரிசு.”

சிரிப்பு பரவியது. மூன்றாவதில் ‘நீளம் தாண்டுதல், பெண்கள் பிரிவு’ என்று இருந்தது. எங்கோ தப்பு என்று உறைத்தது. ஆனாலும் நாக்கு நிற்கவில்லை: “இது அண்ணாச்சி பெண் வேடத்தில் நடித்தது.”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் எஸ்தர் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது.

முப்பது வருஷ உழைப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு விழா. அதை நான் கெடுத்துவிட்டேன். அண்ணாச்சி எழுந்து என்னை நோக்கி வந்தார். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் மைக்கை மட்டும் வாங்கினார்.

“நான் பரிசுன்னு வாங்கப்போறது இன்னைக்குத்தான். வீட்டுல இருக்கது எல்லாம் அவ வாங்குனது. டி.வி.யில நான் அடி வாங்குறதப் பாத்துச் சிரிக்கிய. குண்டு எறியுதவகூட முப்பது வருசம் குடித்தனம் நடத்துதேன், அதுக்கு ஒரு பரிசும் இல்ல.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“மிச்சத்தையும் வாசிலே. பைய வாசி. அவ பேர இதுவரைக்கும் ஒருத்தரும் மேடையில வாசிக்கல.”

மிச்சம் எட்டையும் மதினியின் பெயரைச் சொல்லியே வாசித்தேன். நாடகம் எதுவும் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கைதட்டியது. கடைசிப் பரிசுக்கு மதினி எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அண்ணாச்சியின் விருதை மதினியையே மேடைக்கு அழைத்துக் கொடுக்க வைத்தார்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. என் வீட்டில் மட்டும் அந்த விழா இன்னும் முடியவில்லை. போன வாரம் கரண்ட் ஏன் போனது என்று நான் விரிவாக விளக்க ஆரம்பித்தேன். என் மனைவி மகளைப் பார்த்து, “ஏட்டி, இது வரலாற்று நாடகமா, சமூக நாடகமா?” என்று கேட்டாள். நான் மெழுகுவர்த்தி தேடப் போனேன்.