சகலையின் தளத்துக்கு நான் எழுதிய பாராட்டு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சகலை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மனைவியின் அக்காவும் நலம். அங்கே நீங்கள், கொழுந்தியாள், கடை, கடை வாசலில் புதிதாக வைத்திருக்கும் சுழலும் விளக்குப் பலகை ஆகிய எல்லோரும் நலம் என்று கேள்விப்படுகிறேன். நான் விசாரிப்பதில்லை. வருகிறவர்கள் தாமாகவே சொல்கிறார்கள்.

இந்தக் கடிதம் உங்களை மன்னிப்பதற்காக எழுதப்படுகிறது. எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல நேற்று தொலைபேசியில் பேசினீர்களே, அதையும் சேர்த்தே மன்னித்தாயிற்று. தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் இருவருடைய இணையதளங்களும் இப்போது இருக்கிற நிலையில், அங்கே எதை எழுதினாலும் அது படிப்பவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது.

முதலிலிருந்தே சொல்கிறேன். நம் தொழில் ஒன்றுதான், மூக்குக் கண்ணாடி. நான் ஆரம்பித்துப் பதினாறு வருடம், நீங்கள் ஏழு. கண்ணைப் பரிசோதித்து, லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்தி, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் வளைத்துக் கொடுக்கிறேன். நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள், ஆனால் சிரித்துக்கொண்டே செய்கிறீர்கள். நம் மாமனார் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். நான் செய்து கொடுத்தது எங்கே என்று கேட்டதற்கு, "அது பத்திரமா பீரோவுல இருக்கு மாப்பிள்ளை, இது தொலைஞ்சா எடுத்துக்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றார். அது தொலைய வேண்டும் என்று நான் நினைத்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு முறைதான் நினைத்தேன்.

அதன் பிறகு நீங்கள் இணையதளம் தொடங்கினீர்கள். சும்மா தொடங்கியிருந்தால் பரவாயில்லை. தளம் கட்டித் தரும் செயலியில் ஒரு ப்ளக்இன் வாங்கி ஒட்டவைத்தீர்கள். அது ஒரு பாராட்டுப் பெட்டி. வாடிக்கையாளர் அதில் எழுதுவது பக்கத்தின் அடியில் வரிசையாக ஓடும். இருநூற்றுப் பன்னிரண்டு பாராட்டு ஓடிற்று. என் மனைவி அவற்றைச் சத்தமாக வாசிப்பார். "இங்க பாருங்க, ஒருத்தர் எழுதியிருக்கார், இந்தக் கடைக்குப் போன பிறகுதான் என் மனைவி முகமே எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுதுன்னு." "தெரிஞ்ச பிறகு சந்தோஷமா இருக்காரான்னு எழுதலையே" என்றேன். "இதுக்குத்தான் உங்களுக்கு யாரும் எழுத மாட்டேங்கறாங்க" என்றார். ஆகவே நானும் ஒரு தளம் தொடங்கினேன். நீங்கள் எடுத்த அதே செயலி, அதே நீல நிறம், அதே பெட்டி. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு பாராட்டு வந்தது. மாமனார் எழுதியிருந்தார்: "தளம் சீக்கிரம் திறக்கிறது."

போன மாதம் அந்தப் பெட்டியைத் தயாரித்தவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும், ஆனால் பாராட்டைத் தவிர வேறெதையும் படிக்க உங்களுக்கு ஏது நேரம்? பெட்டியில் ஓர் ஓட்டை இருக்கிறதாம், பெயர் க்ராஸ்-சைட் ஸ்கிரிப்டிங். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கடைக்கு வந்த கடிதங்களைச் சத்தமாக வாசிக்க ஒரு பணியாளரை வைக்கிறோம். கடிதத்தில் "ஷட்டரை இறக்கு" என்று எழுதியிருந்தால் ஒழுங்கான பணியாளர் அதை வாசிப்பார். இந்தப் பெட்டி எழுந்து போய் ஷட்டரை இறக்கிவிடுகிறது. வெளியாள் எழுதியது வெறும் வாசகமா, கட்டளையா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. பாராட்டு எழுதும் இடத்தில் கணினிக்குப் புரிகிற நாலு வரியைச் சேர்த்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவர் கைபேசியிலும், கடை முதலாளியே சொன்னது போல, அது நிறைவேறும். உடனே புதிய பதிப்புக்கு மாறவும் என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். பொறுப்புள்ள மனிதன் உடனே மாறியிருப்பான். நான் உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகை பார்க்காமல் எதையும் செய்கிற பழக்கம் எனக்கில்லை. புது ஃப்ரேம் வந்தாலும் முதலில் என் மூக்கில்தான் உட்கார வைத்துப் பார்ப்பேன். அது போலவே அந்த நாலு வரியை முதலில் என் பெட்டியில் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது, அழித்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்காகக் கடையைச் சாத்தியிருந்த இடைவேளையில், உங்கள் தளத்துக்கு இருநூற்றுப் பதிமூன்றாவது பாராட்டை எழுதினேன். கண்ணுக்குத் தெரிந்தது "அருமையான சேவை" என்ற இரண்டு சொல் மட்டும். தெரியாத மீதி, உங்கள் பக்கத்தைத் திறப்பவரை ஒரே நொடியில் என் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்தேன். வருகிறவர் எப்படியும் கண்ணாடி வாங்கத்தானே வருகிறார்?

வியாழக்கிழமை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். "தம்பி, என் கண்ணுல ஏதோ கோளாறு. போன்ல ஒரு கடையைப் பார்த்தா இன்னொரு கடை தெரியுது. கண்ணைச் சிமிட்டினா பழைய கடை. மறுபடி சிமிட்டினா புதுக் கடை" என்றார். நான் பதினாறு வருட அனுபவத்தோடு தலையை ஆட்டினேன். எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தேன். கடைசி வரிவரை படித்தார், அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். இருந்தாலும் வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதென்று பவரைக் கால் கூட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை திரும்ப வந்தார். "இப்போ அதே கோளாறு ரொம்பத் தெளிவாத் தெரியுது" என்றார். பவரை அரை குறைத்தேன். திங்கட்கிழமை மறுபடி வந்து, "நீ ஒரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு இதைப் பாரு தம்பி" என்று கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பார்த்தேன். உங்கள் கடை, என் கடை, உங்கள் கடை, என் கடை. நான் என் தளத்தைச் செயலியின் உள்ளறையிலிருந்து பார்ப்பதோடு சரி, வாடிக்கையாளர் வருகிற வாசல் வழியாக வந்து பார்த்ததில்லை. உங்கள் பக்கம் என் பக்கத்துக்குத் தள்ளுவது என் கைவேலை. ஆனால் என் பக்கம் உங்கள் பக்கத்துக்குத் தள்ளுகிறதே, அது யார் கைவேலை? "என் கண்ணு போச்சுன்னு நான் நிக்கிறேன், நீ எதுக்குச் சிரிக்கிறே?" என்று டீச்சர் கேட்டார்.

எப்படிச் சிரிக்காம இருக்கறது சகலை? இருநூத்திப் பன்னிரண்டு பாராட்டு வாங்கின மனுஷன், மாமனார் மூக்கு மேலேயே ஏறி உட்கார்ந்த மனுஷன், என்னைப் பார்த்து வயிறெரிஞ்சு, ராத்தூக்கம் கெட்டு, என் பெட்டிக்குள்ள கையை விட்டிருக்காரு! என்கிட்ட இருக்கற ஏதோ ஒண்ணு உங்களுக்கு வேணும்னு தோணியிருக்கு. அது என்னன்னு மூணு நாளா யோசிக்கிறேன். நான் ஃப்ரேமை வளைக்கற பக்குவமா? வாசல்ல நிக்கற அந்த ஆளுயரக் கண்ணாடியா? எதுவா இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே, கொடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்? நேத்து நீங்க போன் பண்ணி, "அண்ணே, என் தளம் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றப்போ கொஞ்சம் பாருங்க"ன்னு சொன்னீங்க பாருங்க, அடடா, என்ன நடிப்பு! சிரிப்பை அடக்கிக்கிட்டு "பார்க்கலாம்"னு வெச்சுட்டேன்.

சந்தோஷம் தாங்காமல் என் மனைவியிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "யார் போட்டதுன்னு திறந்து பார்த்தீங்களா?" என்றார். "பார்க்க என்ன இருக்கு? போய்ச் சேர்ற இடமே அவர் கடை" என்றேன். "அப்போ நீங்க செஞ்சதையும் சொல்லி, அவர் செஞ்சதை மன்னிச்சேன்னும் எழுதி அனுப்புங்க. கடிதம் போனாத்தான் ஞாயித்துக்கிழமை சேர்ந்து போறோம். இல்லேன்னா என் தங்கச்சி வீட்டுக்கு நான் மட்டும் போய்க்கறேன், நீங்க கடையில உட்கார்ந்து உங்க பாராட்டைப் படிச்சுக்கிட்டிருங்க" என்றார். ஒரு பாராட்டைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் செய்ததை மறந்துவிட்டேன். இருவருமே புதிய பதிப்புக்கு மாறிவிடுவோம். இனி நமக்குள் இருக்கிற பொறாமை நேருக்கு நேராக, கௌரவமாக இருக்கட்டும்.

கொழுந்தியாளுக்கு என் அன்பு. மாமனாருக்கு என் வணக்கம், இதை அவர் யாருடைய கண்ணாடி வழியாகப் படித்தாலும் சரி. உங்கள் பார்வை என்றும் தெளிவாகவும், உங்கள் தெருக்காரர்கள் பார்வை மிதமாக மங்கியும் இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பொறாமைக்குப் பாத்திரமான
மூத்த சகலை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், அத்தாட்சியாக நீங்கள் எழுதியதை அச்செடுத்து இணைக்கலாம் என்று என் பெட்டியைத் திறந்தேன். என் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தார். மாமனாரின் பாராட்டுக்குக் கீழே அது இருந்தது. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் "ஒத்திகை" என்று இருந்தது. அழிப்பதாக நினைத்து நான் அழுத்திய பொத்தான், எழுதியதை மடித்து மட்டும் வைக்கிற பொத்தானாம். ஒத்திகைக்காக என் பக்கத்திலிருந்து வேறு எங்காவது ஆளை அனுப்ப வேண்டியிருந்தது. உலகத்தில் எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த விலாசம் உங்களுடையது ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை வரை தினமும் நாலு தடவை தட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா?

எனவே மேலே கொடுத்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதைப் பெறுகிற தகுதி உங்களுக்கு இல்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "ஒரு எழுத்தைக்கூட மாத்தாம அப்படியே அனுப்புங்க" என்று என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு பெட்டியையும் நானே சரிசெய்கிறேன். டீச்சருக்குப் பழைய பவரையே திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும், எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவப் போன பிறகு சொன்னால் போதும். இந்த ஏழு வருடத்தில் என்றைக்காவது, ஒரு நிமிஷமாவது, என்னைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்ததுண்டா? இல்லை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள்.