தாத்தாவின் பல் செட்டும் வாண்டின் மூடிய வாயும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், வாண்டு மூவரும் சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், நான் விஷயத்துக்கு வருவதற்குள் அத்தை நடுவில் புகுந்து சாப்பிட்டாச்சா என்பார், நானும் ஆச்சு என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். மரியாதைக் குறைவாக ஏதும் வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் உங்கள் பல் செட்டைப் பற்றியது.

போன முறை நீங்கள் வந்திருந்தபோது வாஷ்பேசின் முன்னால் நின்று மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கண்ணாடி டம்ளரில் போட்டீர்களே, நினைவிருக்கிறதா? பின்னால் வாண்டு நின்றிருந்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆள் சேர்ந்துவிட்ட குஷியில் செட்டைக் கையில் எடுத்து 'டக் டக்' என்று தட்டி அதை அவளிடம் பேசவும் வைத்தீர்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய பல் எல்லாவற்றையும் ஒருசேர நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் பிரஷ்ஷோடு போனேன், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். என் தொழில் உங்களுக்குத் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிய லிஃப்டின் கதவைத் திறந்து ஆளை வெளியே எடுப்பவன் நான். அதற்கெல்லாம் சாவி இருக்கிறது. இந்த வாய்க்கு இல்லை. பாடினேன், கண்ணாடி காட்டினேன், பொம்மைக்குத் தேய்த்துக் காட்டினேன், நீயே தேய்த்துக்கொள் என்று பிரஷ்ஷைக் கையிலும் கொடுத்தேன். கல்லுளிமங்கி, சுவரைத் தேய்த்தாள்.

இருங்கள், குளியலறையில் ஏதோ சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். என் பிரஷ்ஷால் என் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கே விட்டேன்? ஆங், காரணம். நாலைந்து நாள் கழித்துத்தான் காரணமே புரிந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்து, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "கழட்ட வரல. நீ கழட்டு" என்றாள். உன் பல் கழட்ட வராதம்மா, வாயில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்றேன். தாத்தாவுக்கு மட்டும் வருகிறதே என்று கேட்டாள். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட மாதிரி, தாத்தா சின்ன வயதில் ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை, அதனால் எல்லாம் போய்விட்டது, அதற்குப் பதில்தான் கழட்டி மாட்டுகிற பல் என்று விளக்கினேன். (மன்னிக்கவும். ஆனால் நீங்களே சொன்னதுதான்.) டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப தேய்க்காம இருந்தா எனக்கும் கழட்டுற பல்லு வருமா?"

அன்றிலிருந்து பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். எதிர்வீட்டு அக்கா அவளைக் கொஞ்ச வந்து சிரித்தார், பல் கழலுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டாள். இப்போதெல்லாம் அந்த அக்கா நம் வீட்டில் சிரிப்பதில்லை.

பல் டாக்டரிடம் போனோம். சின்ன வயது அம்மா. என் முழங்காலும் அவர் முழங்காலும் முட்டுகிற மாதிரி எதிரெதிரே உட்காரவைத்து, வாண்டை என் மடியில் கிடத்தி, தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். கத்த வாயைத் திறந்த நேரத்தில் பார்த்துவிட்டார். மேல் முன்பற்களில், ஈறு ஓரமாக, சுண்ணாம்பு தடவிய மாதிரி வெள்ளைக் கோடு. படுக்கையில் பால் பாட்டில் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். உங்கள் மகள் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். இனி பாட்டில் கூடாது, அரிசி அளவு பேஸ்ட் வைத்துக் காலையிலும் படுக்கப்போகும் முன்பும் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும், இப்போதே கவனித்தால் கோடு அப்படியே நின்றுவிடும், விட்டால் ஓட்டை விழும் என்றார். பால் பல்தானே, எப்படியும் விழப்போவதுதானே என்று எங்கள் மாமா சொல்வார் என்றேன் நான், வீரமாக.

"விழுற வரைக்கும் அதுலதான் சார் சாப்பிடணும்" என்றார் அந்த அம்மா. "அடுத்து வர்ற பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கிறதும் அதுதான்."

மாதக் கடைசியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. இவ்வளவூண்டு பல்லில் மெஷின் வைத்துக் குடைந்துவிடுவார்களோ என்று. உங்கள் மகள் விடியுமுன்னே ஷிப்டுக்குப் போகிறாள், ராத்திரி சோர்ந்து வருகிறாள். நேற்று சமையலறையில் அழுதாள். ஊர்ப்பட்ட லிஃப்டுக்கெல்லாம் தவறாமல் சர்வீஸ் பார்க்கிறீர்களே, இதைப் பார்க்க முடியவில்லையா என்றாள். வேலைக்குப் போகிற இடத்தில் லிஃப்டில் யார் சிரித்தாலும் அவர்கள் ஈறு ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆகவே தாழ்மையான வேண்டுகோள். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னீர்கள். வர வேண்டாம். கீழே விழுந்து உங்கள் செட் உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறீர்கள், எதையும் கடித்துச் சாப்பிட முடியவில்லை என்று நேற்று அத்தை போனில் சொன்னார். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்லே இல்லாமல் நீங்கள் வந்து நின்றால் இவள் ஆசை இன்னும் கிளம்பும். செட் தயாரானதும், அதுவும் மூன்று மாதம் கழித்து வாருங்கள். வந்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு மட்டும் கழட்டுங்கள். வீடியோ காலில் கழட்டிக் காட்டுவதையும் நிறுத்தவும்.

அத்தைக்கு என் வணக்கம். பேத்தியையும் என்னையும் இருந்த இடத்திலிருந்தே ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். சற்றுமுன் வாண்டு தானே பிரஷ்ஷோடு வந்து, என் மடியில் தலையை வைத்து, வாயைத் திறந்தாள். நான் மூச்சுவிடாமல் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். சுத்தமாகிவிட்டதா என்று இரண்டு தரம் கேட்டாள். என்னம்மா திடீரென்று என்றேன். நேற்று போனில் அத்தை பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "தாத்தாவுக்குப் பல்லு இல்லல்ல. என் பல்லுல ஒண்ணு குடுக்கணும். அழுக்கா குடுத்தா பாவம்" என்றாள். மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு உடனே கிளம்பி வாருங்கள். செட் தயாராகிவிட்டதென்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.