நிமிர்ந்து பார்க்காத பொரோபாபு

இருபத்தாறு வருஷமாக அரசாங்க உத்தியோகம் பார்க்கும் வைத்தியநாதனுக்கு, அரசாங்கத்திடம் ஒரு காரியத்தை எப்படி முடிப்பது என்பது மட்டும் தெரியாது. மகள் தீப்திக்கு ஜாதவ்பூரில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வசிப்பிடச் சான்று கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். மூன்று நாள் லீவு போட்டார்.

புதன்கிழமை அலிப்பூரில், "அந்தப் பழைய கட்டடம், மாடியில் பொரோபாபுவை, அதான் பெரிய குமாஸ்தாவை, பாருங்கள்" என்று யாரோ கையைக் காட்ட, ஒரு கட்டடம் தள்ளி நுழைந்துவிட்டார். அது நகர வரலாற்று அருங்காட்சியகம். வாசலில் டிக்கெட் கேட்டார்கள். மனு கொடுக்கவும் டிக்கெட் வந்துவிட்டதா என்று வயிறெரிந்தபடி வாங்கினார்.

மாடியில் 'அக்கால அலுவலகம்' என்றொரு அறை. மேஜை, கட்டுக்கட்டாய்க் கோப்புகள், பின்னால் மெழுகில் செய்த தலைமை குமாஸ்தா. பொம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. வணக்கத்துக்குப் பதில் வணக்கமும் இல்லை. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று வைத்தியநாதன் நிம்மதியானார். மனுவை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். பின்னால் வரிசை சேர்ந்தது.

"தாதா, பாபு ஏதாவது சொன்னாரா?" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கேட்டாள் ஒரு வங்காள அம்மாள்.

"இன்னும் இல்லை."

"திட்டினாரா?"

"அதுவும் இல்லை."

"அப்போ இன்னிக்கு நல்ல மூடுதான்" என்று, எதற்கும் இருக்கட்டும் என எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் மனுவை அவளும் மேஜையில் வைத்தாள்.

வியாழக்கிழமை அருங்காட்சியகத்தில் வருடாந்திரப் பொருள் சரிபார்ப்பு. வந்த அதிகாரி அந்த அறையிலிருந்த காகிதத்துக்கெல்லாம், படிக்காமலே, 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். மாலையில் வந்து பார்த்த வைத்தியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வேகமான பொரோபாபுவை அவர் கண்டதே இல்லை.

"ஐயோ அப்பா, இது மியூசியம் சீல்!" என்று தீப்தி தலையில் கைவைத்தாள். "ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. அது மெழுகு பொம்மைப்பா!"

"சீல் வட்டமா இருக்கில்ல? போதும்."

போதுமானதாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சரியான அலுவலகத்தில் வட்டத்தைப் பார்த்தார்கள், சான்றைக் கொடுத்தார்கள். தீப்திக்கு இடம் உறுதியாயிற்று.

திங்கட்கிழமை தன் அலுவலகத்துக்குப் போகும்போது வைத்தியநாதனுக்கு ஒரே சிரிப்பு. தன்னை விடுங்கள், பின்னால் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்காவது மூளை வேண்டாமா?

ஐயா இதோ வந்துவிடுவார் என்பதற்கு அடையாளமாக வருஷம் முழுக்க அவருடைய நாற்காலியில் தொங்கும் கோட்டு, அன்றும் தொங்கியது. மேஜையில் மனுக்கள் குவிந்திருந்தன. எதிரே பதினோரு பேர் பவ்யமாக நின்றார்கள். வைத்தியநாதன் அவர்களைத் தாண்டி நாற்காலிக்குப் போனார். முதலில் நின்றவர் கையை நீட்டி மறித்தார்.

"வரிசையில வாங்க தாதா. பாபு நல்ல மூடுல இருக்கார். மூணு நாளா யாரையும் திட்டலை."