கூரையின் மறுமுனை

ஒரு பெண்ணுக்கு ஆறு வருடமாக அநியாயம் நடந்திருக்கிறது. செய்தவர் அவளுடைய சொந்தக் கணவர். என்ன அநியாயம் என்று கேளுங்கள். கேட்ட பிறகும் அவருக்காக வாதாட யாருக்காவது வாய் வந்தால் வாதாடுங்கள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, சந்தை முனையின் இடுக்கான வளைவில் ஒரு சைக்கிள்காரரின் சட்டைகூட உரசாமல் திருப்புகிறவள். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும், இரண்டே இருக்கை கொண்ட, கூரை மடங்குகிற சிவப்புக் காரின் ஸ்டீயரிங்கை அவள் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

தொட்டதெல்லாம் கூரையைத்தான். அந்தக் காருக்குக் கூரை இரண்டு. வெயில் காலத்துக்கு மடக்கித் திறக்கிற துணிக்கூரை. மழைக்கும் குளிருக்கும் மேலே பூட்டுகிற கெட்டிக்கூரை. துணிக்கூரையை மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பது அவள். பூஞ்சை பிடிக்காமல் காயவிடுவது அவள். மடக்கும்போது பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் கீறாமல் பழைய போர்வையைச் செருகுவது அவள். "எல்லாம் நம்ம பராமரிப்பு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் மீசையை முறுக்குவது மட்டும் அவர். போதாக்குறைக்கு, ஷெட் சுவரில் பதினாலு சட்டங்களை எழுதி ஒட்டியிருந்தார். கெட்டிக்கூரையை வெறுந்தரையில் வைக்கக் கூடாது என்பது பதினோராவது.

கெட்டிக்கூரையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாட்ட ஒரு தடவை, கழற்ற ஒரு தடவை. அவர் ஒரு முனை, அவள் மறுமுனை. கனம் இரண்டு முனையிலும் ஒன்றுதான். "பிடி, பிடி, விட்டுடாதே!" என்ற கூச்சல் மட்டும் ஒரு முனையிலிருந்துதான் வரும்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மறுமுனையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதை மாட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை நான் ஓட்டணும். திறந்தபடியே. ஏரிக்கரை வரைக்கும்."

"உனக்கு பஸ்ஸுதான் பழக்கம். இது நுணுக்கமான வண்டி."

"அறுபது உசிரைவிட நுணுக்கமா?"

"அவங்க எல்லாம் ஊரான் வீட்டு ஜனங்கம்மா. இது நம்ம சொந்த வண்டி!"

எந்த நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கும்?

"அப்ப நீங்களே தூக்கிக்குங்க."

"தனி ஆளா மாட்டிக் காட்டறேன், பாரு!"

அவர் கட்டட வரைபடம் போடுகிற உத்தியோகஸ்தர். ஒரு வாரம் அளவெடுத்து வரைந்தார். ஷெட் உத்தரத்தில் நாலு கப்பி. கயிற்றை இழுத்தால் கூரை மேலே போகும். கார் அடியில் வரும். தளர்த்தினால் கச்சிதமாக உட்காரும். படத்தில் கூரை இருந்தது, கார் இருந்தது, கயிறு இழுக்கிற குட்டி மனிதர்கூட இருந்தார், மீசையோடு.

அடுத்த ஞாயிறு, துணிக்கூரையை மடக்கிய காரை வாசலில் விட்டுவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்தார். அவள் டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்தாள்.

"கயித்தைக் கட்ட கொக்கி எங்கேங்க?"

"கொக்கி எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

இழுத்தார். கூரை எழுந்தது. கூடவே அவர் நெஞ்சும் எழுந்தது. அதுவரை கூரையைத் தாங்கியிருந்த ஸ்டாண்டைக் காலால் எத்தி ஓரமாகத் தள்ளினார். கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார்.

கார் வெளியே இருந்தது. அவர் உள்ளே இருந்தார்.

"ஏம்மா..."

"சொல்லுங்க."

"அந்த வண்டியைக் கொஞ்சம்... ஒரு பத்தடி... உள்ளே கொண்டு வாயேன்."

"நுணுக்கமான வண்டியாச்சே?"

"கை வலிக்குதும்மா!"

"கீழே இறக்கிடுங்க."

"வெறுந்தரையிலயா? ரப்பர் விளிம்பு நசுங்கிடும்! பதினோராவது சட்டம்!"

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். சாவி காரிலேயே இருந்தது. இருக்கையை முன்னே இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். அறுபது பேருக்குச் செய்கிற அதே நிதானம். கார் நகர்ந்தது. பின்பக்கமாக. கேட்டைத் தாண்டி, தெருவுக்கு.

"ஏய், முன்னாடி! முன்னாடி வரணும்! எங்கே போறே?"

"ஏரிக்கரைக்கு."

"அதுவரைக்கும் நான் இதை என்னடி பண்றது?"

தலைக்கு மேலே வானம் முழுசாகத் திறந்திருந்தது. அவள் கியரை மாற்றிக்கொண்டே குரல் கொடுத்தாள்:

"பிடிங்க, பிடிங்க, விட்டுடாதீங்க!"