சாமிக்கும் கபப்பேய்

மேற்கு மாம்பலத்துக்கு வந்துவிட்டார் தெளிநீர் சுவாமிகள்! நெஞ்சுச் சளி என்பது கபப்பேயாம், அதை விரட்டுகிறாராம். ரயிலடி வரை வரிசை. வரிசை முழுக்க இருமல்.

தி.நகர் புடவைக் கடை குடோனில் வேலை பார்க்கும் பஞ்சாட்சரத்துக்குச் சுவாமிகளைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. டாக்டர் என்ன சொன்னார்? "சிகரெட்டை விடுங்க. துணித் தூசி போகாம மாஸ்க் போடுங்க. இல்லேன்னா மூச்சுக்குழாய் கெட்டது கெட்டதுதான்." இதெல்லாம் ஒரு வைத்தியமா? சுவாமிகள் பாருங்கள், பழியைத் தூக்கிப் பேய் தலையில் போட்டார்.

"சிகரெட் பிடிக்கலாமா சாமி?"

"தாராளமா. பேய்க்குப் புகை ஆகாது."

எவ்வளவு நல்ல பேய்!

பக்கத்தில் நின்ற மனைவி நீரஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிப்படி ஏறும்போதே நடுவில் உட்கார்ந்துவிடுகிற மனுஷனுக்கு இப்படி ஓர் அருள்வாக்கு!

"இந்தக் குடத்துத் தீர்த்தத்துல ஊதுப்பா," என்றார் சுவாமிகள்.

ஜூஸ் கடை ஸ்ட்ராவால் பஞ்சாட்சரம் ஊதினார். தெளிந்த தண்ணீர் பாலாக வெளுத்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பேய் உள்ளேதான் இருக்கு! காணிக்கை கட்டிப் பூஜை பண்ணிட்டு ஊது, தெளிஞ்சே இருக்கும்."

பூஜை முடித்தவர்கள் ஊதியது வேறு குடத்துத் தண்ணீரில். நீரஜா கவனித்திருந்தாள்.

"சாமி, இந்த முதல் குடத்துத் தண்ணியில நீங்க ஒரு தடவை ஊதுங்களேன்."

"எனக்கேதும்மா பேய்?"

"அப்ப வெளுக்காதுல்ல? ஊதுங்க."

"இன்னைக்கு மௌன விரதம்."

"இவ்ளோ நேரம் பேசிக்கினுதானே கீற? ஊது நைனா!" என்றார் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்.

கூட்டமும் "ஊது, ஊது" என்றது. சுவாமிகள் பட்டும் படாமலும் ஊதினார். வெளுத்தது. ஆட்டோக்காரர் ஊதினார். அதுவும் வெளுத்தது.

"சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய வெச்ச தண்ணி," என்றாள் நீரஜா. "யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும். நம்ம பொண்ணு பாடப் புத்தகத்துல இருக்கு. அவளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டதே நான்தான்."

சுவாமிகள் பின்வாசலுக்கு ஓடினார். ஆட்டோக்காரர் அங்கே முந்திக்கொண்டார்.

பஞ்சாட்சரத்தின் முகம் வாடிவிட்டது. "அப்ப எனக்குப் பேயே இல்லையா?"

"இருக்கே, சட்டைப் பையில. எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். சிகரெட் பெட்டி. அட்டையில் முக்கால்வாசிக்கு மேல் அடைத்துக்கொண்டு எச்சரிக்கைப் படம். தினமும் காசு கொடுத்து வாங்கியும் அதை நம்பாத மனுஷன், வெளுத்த தண்ணீரை ஒரே நொடியில் நம்பினார். உங்கள் பையிலும் ஒரு பெட்டி இருந்தால், அடுத்த சாமியாரைத் தேடுமுன் அந்த அட்டையைக் கொஞ்சம் படியுங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது.