சூரியனுக்கு ஒரு பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் இரண்டு வரிசைகளைப் பார்க்கலாம். ஒன்று இட்லிக்கு. இன்னொன்று, கடைவீட்டு மாடியில் எழுந்தருளியிருக்கும் ஆதவானந்த சுவாமிகளின் அருளுக்கு. இட்லி வரிசை மளமளவென்று நகரும். இட்லி என்பது உண்மையாகவே இருக்கிற பொருள் அல்லவா!

சுவாமிகளுக்குக் காசில் ஆசையே கிடையாது. அதனால்தான் கையால் தொடாமல், வாசலில் கியூஆர் அட்டை ஒட்டிவைத்திருந்தார்.

மாடியில் குளிரூட்டிய கூடம். நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு செம்புத் தட்டு. அதில் பதித்த கறுப்புக் கண்ணாடி. தட்டின் ஓரத்தில், கம்பி ஒன்றின் உச்சியில், ஏழு குதிரை பூட்டிய குட்டித் தேர். பக்தர் எதிரே உட்கார்ந்ததும் சுவாமிகள், "பகலவா, கண் திற!" என்பார். கூரை விளக்கு பளிச்சென்று எரியும், தேர் கிறுகிறுவென்று சுற்றும். தோஷம் இருந்தால் விளக்கும் எரியாது, தேரும் சுற்றாது. முதல் தடவை வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் தோஷம் இருந்தது. ஆச்சரியம்தான்.

விளக்கு எரிந்தால் சுற்றுகிறது, அணைந்தால் நிற்கிறது. இதைக் கூடத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வரிசையில்தான் அன்று அண்ணாதுரை நின்றார். புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராவது மாடியில் வீடு. லிஃப்ட் பழுது பார்ப்பது வேலை, சோலார் தகடு வைத்து விளையாடுவது பைத்தியம். சமையலறை ஜன்னலோரம் ஒரு தகடு, ஒரு பேட்டரி, ஒரு சின்ன மின்விசிறி, வீடு முழுக்க வயர்.

"ஒரு ஃபேன் சுத்த இவ்வளவு வயரா? சுவிட்சைப் போட்டாச் சுத்தாதா லா?" என்பார் மனைவி நாகம்மா.

ஒருநாள் அந்த விசிறி நின்றுபோனது. அண்ணாதுரை பேட்டரியைக் கழற்றினார், வயரை மாற்றினார், அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால், துணிக்கம்பில் நாகம்மா காயப்போட்ட புடவையின் நிழல் தகட்டின்மேல் விழுந்திருந்தது. அந்த அரை நாள் அவமானம் வீண்போகவில்லை என்பதை இனிமேல் பார்க்கப்போகிறீர்கள்.

அருள் தேடி அவர் வரவில்லை. அக்கா பூவம்மாவுக்காக வந்தார். செங்காங்கில் இருக்கும் பூவம்மாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. கால் கட்டைவிரலில் புண். இன்சுலின் ஊசியை நிறுத்தினால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூவம்மா ஊசியை நிறுத்தி எட்டு நாளாகிவிட்டது.

"ரெண்டாவது வாரமே எனக்கு வெளக்கு எரிஞ்சு தேர் சுத்துச்சுடா தம்பி. ஊசி போட்டா அருள் ஓடிப்போயிடுமாம்."

"அக்கா, சாமி என்ன டாக்டரா?"

"டாக்டர் குத்திக்கச் சொல்றாரு. சாமி வேணாங்குறாரு. எது வலிக்காதோ அதைத்தானேடா மனசு கேக்கும்?"

கறுத்துக்கொண்டு வந்த அந்த விரலை அண்ணாதுரை குனிந்து பார்த்தார். பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், பையில் இரண்டு சாமான்களைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

பூவம்மாவின் முறை வந்தது. விளக்கு எரிந்தது, தேர் சுற்றியது. கூட்டம் கண்ணை மூடியது. அண்ணாதுரை மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்தார். வெயில் மாதிரி எரிகிற பழைய ஹாலஜன் விளக்கு, கண்ணாடிக்கு நேர் மேலே. இந்தக் காலத்தில் இதை யார் போடுகிறார்கள்?

"தாயே, ஊசியைத் தலை முழுகிடுங்க" என்றார் சுவாமிகள்.

அண்ணாதுரை எழுந்து, பையிலிருந்து ஜரிகைப் பொன்னாடையை எடுத்தார். சுவாமிகள் உடனே கழுத்தை நீட்டினார். பொன்னாடை வேண்டாம் என்று சொன்ன பெரிய மனிதரை நம் கூட்டங்களில் யார் பார்த்திருக்கிறோம்?

"உங்களுக்கு இல்ல சாமி. சூரிய பகவானுக்கு. தேரோட பாதத்துல."

"நல்ல மனசு" என்றார் யாரோ. நாலு பேர் கைதட்டினார்கள். மறுக்க வழியில்லை. அண்ணாதுரை தேரில் படாமல், கண்ணாடியின்மேல் மட்டும் துணியை விரித்தார்.

தேர் நின்றது.

எடுத்தார். சுற்றியது. மறுபடி விரித்தார். நின்றது. இந்தத் தடவை பாதிப் பேர் கண்ணைத் திறந்திருந்தார்கள்.

"சந்தேகப் புத்திக்காரன் கை. பகவான் கோவிச்சுக்கிட்டார்" என்றார் சுவாமிகள்.

"சரி சாமி. அக்கா போடட்டும். இப்பத்தானே அவங்களுக்கு அருள் வந்துச்சு?"

பூவம்மா விரித்தார். தேர் நின்றது. எடுத்தார். சுற்றியது. பிறகு யாரும் சொல்லாமலே, தானாக இன்னொரு தடவை விரித்துப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் பக்தி இல்லை, எட்டு நாளின் கணக்கு இருந்தது.

அண்ணாதுரை இரண்டாவது சாமானை எடுத்தார். உள்ளங்கை அளவு சோலார் தகடு ஒட்டிய பொம்மை விசிறி. விளக்கின் கீழ் நீட்டியதும் சுற்றியது.

"இதுக்கும் அருள் வந்துடுச்சு சாமி. ஆன்லைன்ல வாங்கினேன், பன்னெண்டு வெள்ளி."

சுவாமிகள் சுவரோரம் நின்ற தொண்டரைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். விசுவாசமான தொண்டர் பதறிப்போய் விளக்கை அணைத்தார். தேரும் பொம்மை விசிறியும் ஒன்றாக நின்றன. இதைவிடத் தெளிவாக விளக்க அண்ணாதுரையாலும் முடிந்திருக்காது. சுவாமிகளுக்கு அந்த நிமிஷமே தியான நேரம் வந்துவிட்டதால் பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

கீழே இட்லிக் கடையில் உட்கார்ந்ததும் பூவம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளே இன்சுலின் ஊசி.

"கூடவேதான் வச்சிருந்தியா?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்று தலையைக் குனிந்துகொண்டே போட்டுக்கொண்டார். "நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா."

அண்ணாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில், மாடியிலிருந்து இறங்கிவந்த ஓர் அம்மாள் மேசையருகே பயபக்தியோடு நின்றார்.

"அண்ணே, அந்தக் குட்டி ஃபேனைப் பூஜை ரூம்ல வச்சா நல்லதா?"

"எங்க வச்சாலும் வெளிச்சம் படணும்மா. பட்டாச் சுத்தும், மறைச்சா நிக்கும். நம்ம மூளையும் அப்படித்தான். அதுமேல போத்தி வச்சிருக்கற பொன்னாடைய மொதல்ல எடுங்க."